மெய்நிகர் உலகத்துக்கு உடை செய்கிறேன், எந்தச் சந்தையில் விற்பது?

மாம்பூ, காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் வணக்கம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இரண்டு வருடமாக அவதார்களுக்கு (மெய்நிகர் உலகத்தில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவங்கள்) உடை செய்து பழகி வருகிறேன். இப்போது ஒரு பாவாடை தாவணி, இரண்டு சுடிதார், ஒரு சுங்குடிச் சேலை என்று விற்கிற தரத்தில் நான்கு இருக்கின்றன. தாவணியின் மடிப்புக்கு மட்டும் நாலு மாதம் பிடித்தது. அவதார் உட்கார்ந்தால் முந்தானை இடுப்புக்குள் புகுந்துவிடக் கூடாது, ஆடினால் கொசுவம் கிழிந்த மாதிரி தெரியக் கூடாது. அது சரியாக வந்த பிறகுதான் விற்கலாம் என்ற தைரியமே வந்தது.

எங்கே விற்பது என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரு சதவீதம் எழுதியிருக்கிறது. செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தின் இணையக் கடையான மார்க்கெட்பிளேஸ் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ரோப்ளாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில் செய்தவருக்குக் கிடைப்பதே 30 சதவீதம். விஆர்சாட் என்ற இன்னொரு மெய்நிகர் உலகத்துக்கு அவதார் விற்கிறவர்கள் ஜப்பானின் பூத், அமெரிக்காவின் கம்ரோட் என்ற இணையக் கடைகளைச் சொல்கிறார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன், முடிவுக்கு வர முடியவில்லை.

எங்கள் வீட்டில் மாந்தோப்பு இருக்கிறது. அப்பா பெங்களூரா மாங்காயை மண்டிக்குக் கொண்டுபோனால் கமிஷன் எவ்வளவு என்று முதலில் கேட்க மாட்டார். சீட்டை வாங்கிக் கடைசி வரியைப் பார்ப்பார். எடைக் கழிவு, இறக்கு கூலி, கமிஷன் எல்லாம் போக நிற்கிற தொகை எவ்வளவு, பணம் இன்றைக்கா அடுத்த வாரமா, அவ்வளவுதான் அவர் கேள்வி. எனக்கும் அந்தக் கடைசி வரிதான் வேண்டும். உண்மையில் விற்று, நம் ஊர் வங்கிக் கணக்குக்குப் பணம் கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தொப்பூர்_கணவாய், தருமபுரி

வாங்கம்மா. நான் 2008-இலிருந்து செகண்ட் லைஃபில் இருக்கிறேன். உடை கிடையாது, வீட்டுச் சாமான்: மர பெஞ்சு, ஊஞ்சல், திண்ணை, இப்படி. கேள்வியைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

செகண்ட் லைஃபின் நாணயம் லிண்டன் டாலர். 300 லிண்டன் டாலருக்கு ஒரு தாவணி போடுகிறீர்கள் என்று வையுங்கள். 10 சதவீதம் கமிஷன் போனால் கையில் 270. நூறு விற்றால் 27,000 லிண்டன். ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் என்ற விகிதம் பல வருடங்களாகப் பெரிதாக ஆடவில்லை. அதனால் இது 108 டாலர். இதை லிண்டெக்ஸ் என்ற அவர்களுடைய மாற்றுச் சந்தையில் டாலராக்கும்போது ஒரு சிறு கழிவு. அந்த டாலரைப் பேபால் என்ற பணப் பரிமாற்றச் சேவைக்கு அனுப்பும்போது 5 சதவீதம், குறைந்தது 3 டாலர். பேபாலிலிருந்து வங்கிக்கு வரும்போது அவர்கள் வைக்கிற மாற்று விகிதத்தில் இன்னும் கொஞ்சம் போகும். எனக்கு வந்து நிற்பது 95 டாலர் பக்கம். வாங்கியவர்கள் கொடுத்தது 30,000 லிண்டன், அதாவது 120 டாலர். நூற்றுக்கு எண்பது ரூபாய் அளவுக்கு வீடு வந்து சேருகிறது. உங்கள் கடைசி வரி இதுதான்.

இந்தச் சந்தை எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. செகண்ட் லைஃப் 2003-இல் திறந்தது. இணையத்தில் பட்டியல் போட்டு விற்கிற கடைகளை முதலில் நடத்தியது செகண்ட் லைஃபின் நிறுவனமான லிண்டன் லேப் இல்லை, வெளியாட்கள். எக்ஸ்ஸ்ட்ரீட், ஆன்ரெஸ் என்று இரண்டு பெரிய தளங்கள் இருந்தன. 2009 ஜனவரியில் லிண்டன் லேப் இரண்டையும் வாங்கியது. அடுத்த வருடம் இப்போதைய மார்க்கெட்பிளேஸ் வந்தது. கமிஷன் முன்பு 5 சதவீதமாக இருந்தது, அப்புறம் 10 ஆனது. போட்டிக் கடை இல்லாத ஊரில் கமிஷனை யார் கேட்பது?

ஆனால் ஒரு வழி திறந்தே இருக்கிறது. அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, விற்பனைப் பெட்டி வைத்தால் கமிஷன் கிடையாது. வாரா வாரம் இடத்து வாடகை மட்டும் லிண்டனில் கட்ட வேண்டும். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தேடிப் பிடிப்பது மார்க்கெட்பிளேஸில். மறுபடி மறுபடி வாங்குகிறவர்கள் கடைக்கு நேரில் வருகிறார்கள், நின்று பேசுகிறார்கள். என்னுடைய ஊஞ்சலை வாங்கிய ஒரு அம்மா, பெயரன் பிறந்த அன்று எனக்குச் செய்தி அனுப்பினார். எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது.

செங்கல்_குட்டி, பர்கூர்

அக்கா, நான் ரோப்ளாக்ஸ். கல்லூரி இரண்டாம் வருடம். அண்ணா சொன்ன மாதிரி நானும் கணக்குப் போட்டே சொல்கிறேன்.

ரோப்ளாக்ஸின் நாணயம் ரோபக்ஸ். முப்பரிமாண அவதார் பொருள் ஒன்று 100 ரோபக்ஸுக்கு விற்றால் செய்தவருக்கு 30. மீதி 70-இல் ரோப்ளாக்ஸுக்கு ஒரு பங்கு, எந்த விளையாட்டுக்குள் வைத்து விற்றதோ அந்த விளையாட்டை நடத்துகிறவருக்கு 40. உங்களுக்கே ஒரு விளையாட்டு இருந்து, அதற்குள்ளேயே விற்றால் அந்த 40-ம் உங்களுக்குத்தான். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

ரோபக்ஸைப் பணமாக்க டெவ்எக்ஸ் என்ற வழி. குறைந்தது 30,000 ரோபக்ஸ் சம்பாதித்திருக்க வேண்டும், வயது 13 ஆகியிருக்க வேண்டும். ஒரு ரோபக்ஸுக்கு 0.0035 டாலர் என்று பல வருடம் இருந்தது. 2025 செப்டம்பரில் 0.0038 ஆக்கினார்கள். 30,000-க்கு 114 டாலர். ஒரு பொருளுக்கு 30 ரோபக்ஸ் என்றால் ஆயிரம் பொருள் விற்றால்தான் முதல் முறை பணம் எடுக்க முடியும்.

இன்னொன்று. முப்பரிமாணப் பொருளைக் கடையில் ஏற்றுவதற்கு அடையாளச் சரிபார்ப்பு வேண்டும், முன்பணமும் கட்ட வேண்டும். விற்க விற்க அந்த முன்பணம் திரும்பி வரும். விற்காவிட்டால் போனதுதான்.

மாம்பூ, காவேரிப்பட்டணம்

தம்பி, வாங்குகிறவர் அந்த 100 ரோபக்ஸுக்கு எவ்வளவு கொடுக்கிறார்?

செங்கல்_குட்டி, பர்கூர்

போனில் வாங்கினால் 4.99 டாலருக்கு 400 ரோபக்ஸ். கணினியில் வாங்கினால் அதே விலைக்கு 500. ஆக 100 ரோபக்ஸ் என்பது ஒரு டாலரிலிருந்து ஒன்றேகால் டாலர் வரை. அதில் நமக்கு வருவது 30 ரோபக்ஸ், அதாவது பதினொன்றரை சென்ட்.

தொப்பூர்_கணவாய், தருமபுரி

நூற்றுக்குப் பத்து. அங்கே வாங்குகிற விலை வேறு, நம்மிடம் திரும்ப எடுக்கிற விலை வேறு. லிண்டனில் அந்த இடைவெளி சின்னது. சதவீதம் மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான், தம்பி. தொண்ணூறுக்கும் முப்பதுக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைத்து உள்ளே போவார்கள். உண்மையில் எண்பதுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

செங்கல்_குட்டி, பர்கூர்

அண்ணா, கணக்கு சரி. ஆனால் கூட்டத்தையும் பாருங்கள். என் தொப்பி ஒன்று, ரொம்பச் சாதாரணமானது, ஒரே மாதத்தில் 2,600 போனது. விலை 60 ரோபக்ஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற இடம், ஒருவன் போட்டால் வகுப்பே போடும். பாலக்கோட்டில் தக்காளி கிலோ பத்து ரூபாய்க்குப் போனாலும் வண்டி வண்டியாகப் போனால் காசுதானே? செகண்ட் லைஃபில் ஒரு மாதத்தில் 2,600 ஊஞ்சல் விற்றிருக்கிறீர்களா?

தொப்பூர்_கணவாய், தருமபுரி

இல்லை, இத்தனை வருடத்தில் மொத்தமாகவே அவ்வளவு இருக்குமா என்று பார்க்க வேண்டும். நீ சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2014-இல் நான் போட்ட திண்ணை இன்றைக்கும் மாதம் நாலைந்து போகிறது. உன் தொப்பி அடுத்த மாதம் எத்தனை போனது?

செங்கல்_குட்டி, பர்கூர்

190. அதற்கு அடுத்த மாதம் 40. அதே தொப்பியை வேறு நிறத்தில் மூன்று பேர் நகல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். புகார் கொடுத்தேன், இரண்டை எடுத்தார்கள்.

அக்காவின் தாவணி அந்த மாதிரிப் பண்டம் கிடையாது, அதை நானும் சொல்கிறேன். நாலு மாதம் மடிப்பு செய்தவர் 60 ரோபக்ஸுக்கு விற்கக் கூடாது.

ஓசூர்_காற்று, ஓசூர்

நான் செய்து விற்கிறவன் இல்லை, வாங்கி விற்கிறவன். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற விளையாட்டின் துப்பாக்கித் தோல்கள் (துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் வண்ண உறைகள்), கத்திகள். வால்வ் நிறுவனத்தின் விளையாட்டுக் கடையான ஸ்டீமின் சந்தை பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்டீம் கம்யூனிட்டி மார்க்கெட் 2012 டிசம்பரில் வந்தது. கட்டணம் ஸ்டீமுக்கு 5, விளையாட்டுக்கு 10, மொத்தம் 15 சதவீதம். இது விற்பவருக்கு வரும் தொகையின் மேல் ஏற்றுகிற கணக்கு. வாங்குகிறவர் 115 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கு 100. அப்படிப் பார்த்தால் உண்மையில் 13 சதவீதம்தான். நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 100 ரூபாய் ஸ்டீம் பர்ஸிலேயே இருக்கும். அதை வங்கிக்கு எடுக்க வழியே கிடையாது, விளையாட்டு வாங்கலாம், மறுபடி தோல் வாங்கலாம், அவ்வளவுதான். எனவே மாம்பூ அக்கா கேட்ட கடைசி வரி இங்கே சுழி.

பணமாக எடுக்க வேண்டும் என்றால் வெளித் தளங்கள். சிஎஸ்ஃப்ளோட் மாதிரி 2 சதவீதம் மட்டும் எடுக்கிற இடமும் இருக்கிறது, பத்துக்கு மேல் எடுக்கிற இடமும் இருக்கிறது. ஆனால் 2025 ஜூலையிலிருந்து ஸ்டீமில் கைமாறிய பொருளை ஏழு நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று பாதுகாப்பு வந்துவிட்டது. கணக்கு திருடப்பட்டவர்களுக்கு அது பெரிய உதவி, அவசியமானதும்கூட. அதனால் வெளித் தளங்கள் அந்த ஏழு நாள் ஆகும்வரை விற்றவரின் பணத்தை நிறுத்திவைக்கின்றன. இதற்கிடையில் விலை சரிந்தால்?

சரிந்தது. 2025 அக்டோபரில் வால்வ் ஒரே ஒரு மாற்றம் செய்தது. சிவப்புத் தரத் தோல் ஐந்தைக் கொடுத்தால் கத்தியோ கையுறையோ வாங்கலாம் என்று. கத்தி விலை ஒரே இரவில் விழுந்தது. என்னிடம் இரண்டு கத்தி இருந்தது. ஓசூரில் ஒரு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வால்வ் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர்களுடைய உலகம், அவர்களுடைய பொருள். நான் அதைச் சொத்து என்று நினைத்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் செய்கிறவர். உங்கள் பிளெண்டர் கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறது. எந்தச் சந்தை மூடினாலும் அது உங்களுடையது. அந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

தொப்பூர்_கணவாய், தருமபுரி

ஓசூர் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விளையாட்டு நிறுவனமே உண்மைப் பணத்துக்கு ஏலக் கடை நடத்திப் பார்த்ததும் உண்டு. டயாப்ளோ 3 என்ற விளையாட்டில் 2012 ஜூனில் திறந்தார்கள். 2014 மார்ச் 18-இல் மூடிவிட்டார்கள். வாளைத் தேடி விளையாடாமல் கடையில் வாங்கிவிடுவதால் விளையாட்டே கெடுகிறது என்றார்கள். அதற்கு முன்பு, 2007 ஜனவரியில், ஏல இணையதளமான இபே தன் தளத்தில் விளையாட்டுப் பொருட்கள் விற்பதை நிறுத்தியது. அப்போது செகண்ட் லைஃபை மட்டும் விட்டுவைத்தார்கள், அதை விளையாட்டு என்று சொல்ல முடியாது என்று. எந்தச் சந்தையும் நம் பாட்டன் சொத்து இல்லை.

தக்காளிச்சந்தை, பாலக்கோடு

நான் இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாம்பூ அக்கா கேட்டதற்கு நேரடிப் பதில் இல்லை. ஆனால் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

நான் உடையோ பொருளோ விற்கவில்லை. மூன்று வருடம் விளையாடிய ஒரு போன் விளையாட்டின் ஐடியையே, அதாவது என் விளையாட்டுக் கணக்கையே விற்றேன். அரிய துப்பாக்கித் தோல் எல்லாம் இருந்தது. ஒரு டெலிகிராம் குழுவில் போட்டேன், 18,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்டார். இடையில் ஒரு தரகர், அவருக்கு ஆயிரம். பணம் யுபிஐ வழியாக மூன்று வெவ்வேறு கணக்கிலிருந்து வந்தது. ஏன் மூன்று என்று கேட்டேன். தினசரி வரம்பு தாண்டிவிட்டது, நண்பர்கள் கணக்கிலிருந்து போடுகிறேன் என்றார். நம்பினேன். ஐடியைக் கொடுத்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் அப்பா ஏடிஎம்முக்குப் போனார், பணம் வரவில்லை. அந்தக் கணக்கு எனக்கும் அப்பாவுக்கும் கூட்டுக் கணக்கு. தக்காளி போட்ட பணம் 62,000 அதில் இருந்தது. வங்கிக்குப் போனால், வடமாநிலம் ஒன்றின் சைபர் போலீஸ் கேட்டுக்கொண்டதால் நிறுத்திவைத்திருக்கிறோம் என்றார்கள். எனக்கு வந்த மூன்றில் ஒன்று, யாரோ ஒரு பெரியவரை ஏமாற்றி எடுத்த பணம். அது ஐந்து கணக்கு சுற்றி ஆறாவதாக எனக்கு வந்திருக்கிறது.

நான்கு மாதம். அந்த நாலு மாதத்தில் உரக்கடைக்குக் கொடுக்க வேண்டியதை மாமாவிடம் கடன் வாங்கிக் கொடுத்தோம். அப்பா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அந்தப் பெரியவரின் பணம் 7,000-ஐத் திருப்பிக் கொடுக்கச் சம்மதம் என்று எழுதிக்கொடுத்து, பேசிய அரட்டை எல்லாம் அச்செடுத்து அனுப்பி, அப்புறம்தான் விட்டார்கள்.

பேரேடு, தருமபுரி

தக்காளிச்சந்தை தம்பி, எழுதியது நல்லதாகப் போயிற்று. நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். இப்போது மாதம் ஒருவராவது இந்தப் பிரச்சினையோடு வருகிறார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோ, சைபர் குற்றங்களுக்கான அரசுத் தளத்திலோ புகார் கொடுக்கிறார். பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று சங்கிலியாகப் பிடிக்கிறார்கள். சங்கிலியில் இருக்கிற கணக்குகள் நிற்கும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதைக் கணினி அறியாது, நீங்கள்தான் காட்ட வேண்டும். எதை விற்றீர்கள், யாருக்கு, எப்போது என்பதற்குத் தாள் வேண்டும். ஐடி விற்பனையில் அந்தத் தாள் பலவீனமாகவே இருக்கும். ஏனென்றால் பெரும்பாலான விளையாட்டுகளின் விதியே ஐடியை விற்கக் கூடாது என்கிறது.

மாம்பூ செய்வதில் அந்தப் பயம் குறைவு. வாங்குகிற ஆளிடமிருந்து பணம் நேராக உங்களுக்கு வருவதில்லை. சந்தை நடத்துகிற நிறுவனத்திடமிருந்து வருகிறது. 10 சதவீதம் கமிஷன் கொடுக்கிறீர்களே, அதில் பாதி இந்தப் பாதுகாப்புக்குத்தான் என்று நான் நினைப்பேன்.

இனி வரி. லிண்டனோ ரோபக்ஸோ கையில் இருக்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம், வங்கிக்கு வந்ததை வருமானமாகக் காட்டுங்கள். தொழில் வருமானம் என்று போட்டால் கணினி, மென்பொருள், இணையம், வரைபலகை இவற்றின் செலவைக் கழிக்கலாம். அதனால் ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குச் செய்கிற சேவை என்பதால் மொத்த விற்றுமுதல் வருடம் 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலை வேண்டாம். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் ஒருவருக்கொருவர் பணம் செலுத்துவதை நிறுத்திவிட்டது, ஆனால் வெளிநாட்டிலிருந்து வருவது வரும். கணக்கு திறக்கும்போது எந்த நோக்கத்துக்கான பணம் என்று கேட்பார்கள், பொருத்தமானதைத் தேர்ந்தெடுங்கள்.

டிசென்ட்ராலேண்ட், சாண்ட்பாக்ஸ் போன்ற பிளாக்செயின் உலகங்களில் என்எஃப்டியாக (பிளாக்செயினில் பதிவான டிஜிட்டல் உரிமைச் சீட்டு) விற்பது தனிக் கதை. அது மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்ற பிரிவில் வரும். 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு நேராக 30 சதவீதம் வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. 2022 ஜூலையிலிருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் வேறு. டிசென்ட்ராலேண்ட் சந்தைக் கட்டணம் 2.5 சதவீதம்தானே என்று ஒருவர் எங்களிடம் வந்தார். அவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் அமைதியாகிவிட்டார்.

தக்காளிச்சந்தை, பாலக்கோடு

நன்றி மேடம். புது ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்த பிறகு இதெல்லாம் குற்றமா என்று அப்பா கேட்கிறார்.

பேரேடு, தருமபுரி

2025-இல் வந்த அந்தச் சட்டம் பணம் கட்டி, பணம் ஜெயிக்கிற விளையாட்டுகளைப் பற்றியது. உடை தைத்து விற்பது அதில் வராது. அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஒகேனக்கல்_பரிசல், பென்னாகரம்

விஆர்சாட் பற்றிச் சுருக்கமாக. பூத் கட்டணம் விலையில் ஒரு சதவீதம், கூடவே ஒவ்வொரு விற்பனைக்கும் யெனில் ஒரு நிலையான தொகை. விலை குறைந்த பொருளில் அந்த நிலையான தொகை கடிக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜப்பானியர்கள், பக்கத்தை ஜப்பானிய மொழியில் எழுதினால்தான் மதிப்பார்கள். அவர்கள் வாங்குவது கோப்பு, அதை அவர்களே யூனிட்டி என்ற மென்பொருளில் ஏற்றி அவதாருக்கு மாட்டிக்கொள்வார்கள். எனவே எந்த அவதார் உடம்புக்குப் பொருந்தும் என்று தெளிவாகப் போட வேண்டும். சந்தேகம் கேட்டு எழுதுவார்கள், மிகப் பணிவாக எழுதுவார்கள், நாமும் பதில் சொல்லியே ஆக வேண்டும். கம்ரோட் 10 சதவீதம் என்று சொன்னாலும் மேலே 50 சென்ட் உண்டு. அவர்களுடைய தேடல் பக்கம் வழியாக ஆள் வந்தால் 30 சதவீதம்.

கோப்பையே கொடுப்பதால் நகல் பயம் அதிகம். செகண்ட் லைஃபில் பொருள் அந்த உலகத்துக்குள்ளேயே இருக்கிறது. நகல், திருத்தம், கைமாற்றம் என்று மூன்று அனுமதிகளையும் நீங்களே வைக்கலாம்.

தொப்பூர்_கணவாய், தருமபுரி

அங்கேயும் திருட்டு நடக்காமல் இல்லை. 2006-இல் காப்பிபாட் என்று ஒன்று வந்தது. எதிரில் நிற்கிற பொருளை அப்படியே நகல் எடுக்கும். கடைக்காரர்கள் கடையை அடைத்துப் போராடினார்கள். ஆனாலும் பரிசல் சொல்வது சரி, சாதாரண வாடிக்கையாளர் நகல் எடுக்க மாட்டார்.

மாம்பூ, உடைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. செகண்ட் லைஃபில் யாரும் பிறந்த உடம்போடு நடமாடுவதில்லை. லாராஎக்ஸ், லெகசி, ரீபார்ன் என்று கடையில் வாங்கிய உடம்பு. ஒவ்வொன்றுக்கும் தனியாக எலும்பு எடை (உடம்பு அசையும்போது துணியின் எந்தப் பகுதி எவ்வளவு கூட அசைய வேண்டும் என்ற அளவு) போட வேண்டும். மூன்று உடம்புக்காவது செய்யுங்கள். இலவச மாதிரி ஒன்று கண்டிப்பாக வையுங்கள், மாதிரி இல்லாத உடையைத் தெரிந்தவர்கள் வாங்க மாட்டார்கள். நகல் அனுமதி கொடுத்து, கைமாற்ற அனுமதி கொடுக்காமல் போடுங்கள். அப்போது சரக்கு தீர்ந்தது என்ற பேச்சே இல்லை, தூங்கும்போதும் விற்கும்.

மாம்பூ, காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தக்காளிச்சந்தை தம்பி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் செகண்ட் லைஃபில் தாவணியை மட்டும் போடுகிறேன். சுடிதாரின் துணி மடிப்பு, பொத்தான், குஞ்சம் போன்ற உதிரிகளைப் பிறகு எபிக் கேம்ஸின் ஃபேப் சந்தையில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம். அங்கே விற்பவருக்கு 88 சதவீதம் என்று படித்தேன். ஒரு மாதம் கழித்து வந்து சொல்கிறேன்.

மாம்பூ, காவேரிப்பட்டணம்

ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். அறுவடை நேரம், தோப்பில் வேலை.

தாவணியை 349 லிண்டனுக்குப் போட்டேன். மூன்று உடம்புக்கும் செய்து முடிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. ரீபார்னில் இடுப்பு வளைவு கூடுதல், கொசுவம் பிய்ந்துகொண்டே இருந்தது. முதல் வாரம் இரண்டே இரண்டு போனது. அப்புறம் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் வாங்கி, பொங்கல் பானையோடு நின்று படம் எடுத்துத் தன் குழுவில் போட்டார். அந்த வாரம் மட்டும் 17. இதுவரை மொத்தம் 38. கமிஷன் போகச் சுமார் 11,900 லிண்டன், கிட்டத்தட்ட 48 டாலர்.

இன்னும் வெளியே எடுக்கவில்லை. குறைந்தபட்சக் கட்டணம் 3 டாலர் என்று அண்ணா சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டேன். 60 டாலருக்குக் கீழே எடுத்தால் அது 5 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. அதனால் நூறு ஆகட்டும் என்று விட்டிருக்கிறேன். அப்பாவிடம் திரையில் அந்த வரவுப் பட்டியலைக் காட்டினேன். மண்டிச் சீட்டைப் பார்க்கிற மாதிரியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக் கடைசி வரியில் நிறுத்தினார். "இது அழுகாதா?" என்று கேட்டார். அழுகாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேலையையும் போடு" என்றார்.

தொப்பூர் அண்ணா, சேலைக்கு ஒரு கேள்வி. சுங்குடிப் புள்ளிகளைத் துணிப் படத்திலேயே வரைந்துவிடவா, இல்லை நிறம் மாற்றுகிற பலகை வைத்து எட்டு நிறம் ஒரே பெட்டியில் கொடுக்கவா? தனித் தனி நிறமாகப் போட்டால் பட்டியலில் அதிக இடம் பிடிக்கும், ஆனால் வாங்குகிறவருக்கு எட்டும் வேண்டும் என்றால் விலை அதிகமாகிவிடும்.

தொப்பூர்_கணவாய், தருமபுரி

இரண்டும் செய்யுங்கள். தனி நிறம் ஒவ்வொன்றும் 399, எட்டும் சேர்ந்த பெட்டி 1,299. பட்டியல் படத்தில் பெட்டியை முதலில் வையுங்கள். அரக்கும் மயில் கழுத்து நிறமும் கண்டிப்பாக இருக்கட்டும், என் வீட்டுக்காரி இப்போதே கேட்கிறாள்.

செங்கல்_குட்டி, பர்கூர்

அக்கா, எனக்கு அந்தக் கொசுவத்துக்கு எடை போட்ட முறையைச் சொல்லிக்கொடுப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் வருகிறேன், மடிக்கணினி கொண்டுவருகிறேன்.

மாம்பூ, காவேரிப்பட்டணம்

வா தம்பி. பேருந்து நிலையத்தில் இறங்கிக் கூப்பிடு. கடைசிக் காய் இன்னும் மரத்தில் இருக்கிறது, வீட்டுக்கும் எடுத்துப்போ.